உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்: வீடியோ எடிட்டிங்கில் சிங்க் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீடியோ எடிட்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இது. கிளிப்பின் தொடக்கத்தில் படமும் ஒலியும் சரியாக இருக்கும். நேரம் போகப் போக உதட்டசைவு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போய்விடும். சிங்க் போய்விட்டது என்பார்கள். உடனே பலர் ஆடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மவுஸால் இழுத்து உட்கார வைக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவில் இப்படிச் செய்தால் இரண்டு இரவுத் தூக்கம் போகும். கோளாறு மட்டும் முழுதாகப் போகாது.

நான் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினீயர். எடிட்டிங் என் தொழில் அல்ல. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பருக்குக் கம்ப்யூட்டரில் சிக்கல் வரும்போது உதவி செய்வேன். புரோகிராமில் பிழை தேடும் முறை இங்கும் அப்படியே பொருந்துகிறது. பிழையைத் திருத்துவதற்கு முன் அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு, எப்படி வளர்கிறது என்று அளக்க வேண்டும். அந்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கோளாறு உண்மையா?

புளூடூத் ஹெட்போனில் கேட்டு எடிட் செய்கிறீர்களா? முதலில் அதைக் கழற்றுங்கள். புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுவதால் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதம் ஏற்படும். ஒயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். அடுத்து, டைம்லைனில் பிரிவியூ விக்கி விக்கி ஓடினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் உள்ள இடத்தில் இரண்டு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் வேகம்தான் பிரச்சினை. ஃபைலில் குறை இல்லை.

எவ்வளவு விலகினால் தெரியும்?

ஒலிபரப்புக்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றில் இதற்கு அளவு உள்ளது. ஒலி படத்தை முந்தினால் 45 மில்லி செகண்டிலேயே தெரியத் தொடங்கும். ஒலி பிந்தினால் 125 மில்லி செகண்ட் வரை பெரும்பாலும் தெரியாது. தூரத்தில் வெடிக்கும் பட்டாசின் ஒளி முதலிலும் சத்தம் பிறகும் வருவது நமக்குப் பழகிய விஷயம். சத்தம் முதலில் வருவது இயற்கையில் நடக்காது, அதனால்தான் உடனே உறுத்துகிறது.

விநாடிக்கு 25 ஃப்ரேம் உள்ள வீடியோவில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லி செகண்ட். எனவே இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே முடிவு செய்ய முடியாமல் தடுமாறினால், ஒலியைப் பின்னால் உள்ள ஃப்ரேமில் வையுங்கள். முன்னால் தள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று இடங்களில் அளக்கவும்

கிளிப்பின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தவில் மீது குச்சி விழும் இடம், கைதட்டல் போன்றவை அளக்க வசதியானவை. பேச்சு மட்டும்தான் உள்ளது என்றால் ப, ம எழுத்துகள் வரும் சொற்களைத் தேடுங்கள். அவற்றைச் சொல்லும்போது உதடுகள் ஒட்டிப் பிரியும். அந்த ஃப்ரேமையும் ஆடியோ அலையில் அந்தச் சத்தத்தையும் ஒப்பிட்டு, எத்தனை ஃப்ரேம் விலகியுள்ளது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நோயின் பெயர் இதிலேயே தெரிந்துவிடும்.

1. மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல்

எளிதான வகை இது. ஆடியோவை வீடியோவிலிருந்து அன்லிங்க் செய்து, அத்தனை ஃப்ரேம் நகர்த்தி, மீண்டும் லிங்க் செய்தால் போதும்.

2. சீராக வளரும் விலகல்

நடுவில் ஒரு மடங்கு என்றால் கடைசியில் சரியாக இரு மடங்கு இருக்கும். இரண்டு கடிகாரங்களின் வேகம் வேறுபடுகிறது என்று பொருள். எந்தக் கடிகாரம் என்பதை விலகலின் அளவே சொல்லிவிடும்.

ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகினால், 29.97 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த கிளிப் 30 என்ற கணக்கில் ஓடுகிறது. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 1953ல் கலர் டிவிக்கான முறை வகுக்கப்பட்டபோது, வண்ணத் தகவல் ஒலி அலைவரிசையோடு மோதாமல் இருக்க 30 என்ற எண்ணைச் சற்றே குறைத்தார்கள். அந்த மிச்சம் இன்றும் நம்மைப் படுத்துகிறது. பிரீமியர் புரோவில் கிளிப் மீது ரைட் கிளிக் செய்து, மாடிஃபை, இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் சென்று, யாராவது ஃப்ரேம் ரேட்டை மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைலில் உள்ள ஃப்ரேம் ரேட்டையே பயன்படுத்தும்படி மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரு மணி நேர ஆடியோ 55 நிமிடம் 7.5 விநாடியில் முடிந்து, குரலும் கீச்சென்று ஒலித்தால், 44.1 கிலோ ஹெர்ட்ஸில் பதிந்த ஒலி 48 கிலோ ஹெர்ட்ஸாக ஓடுகிறது. இன்றைய எடிட்டிங் மென்பொருட்கள் இதைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். விவரம் தவறாகக் குறிக்கப்பட்ட ஃபைல்களில் மட்டுமே இந்தக் கோளாறு வரும்.

ஒரு மணி நேரத்தில் விலகல் கால் விநாடிக்கும் குறைவு என்றால், தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியாக இருக்கும். கேமராவிலும் ரெக்கார்டரிலும் உள்ள படிகக் கடிகாரங்கள் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி, அதாவது நான்கைந்து ஃப்ரேம் வந்துவிடும். இதற்கு வேகத்தை மாற்ற வேண்டாம். கச்சேரி என்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலும், பேச்சு என்றால் நீண்ட இடைவெளியிலும் ஒரு வெட்டு போட்டு மீண்டும் பொருத்தினால் போதும்.

3. ஒழுங்கில்லாத விலகல்

சிறிது நேரம் சரியாக இருந்து, திடீரென்று தாவும். பெரும்பாலும் செல்போனில் எடுத்த வீடியோவில்தான் இது வரும். வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்க வேண்டியிருப்பதால், பல செல்போன்கள் ஃப்ரேம் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். இதுவே வேரியபிள் ஃப்ரேம் ரேட். ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த நேரத்தில் வர வேண்டும் என்ற குறிப்பு ஃபைலுக்குள் இருக்கும். விஎல்சி அதைப் படித்து ஓட்டும். சில எடிட்டிங் மென்பொருட்கள், குறிப்பாகப் பழைய பதிப்புகள், எல்லா ஃப்ரேமும் சம இடைவெளியில் உள்ளதாக எடுத்துக்கொள்ளும். சிங்க் அங்கேதான் போகிறது.

நலங்குப் பாட்டு: ஒரு நேரடி உதாரணம்

நண்பரிடம் வந்த ஒரு கல்யாண வேலையில், மாலை நலங்கின்போது பெண்ணின் பாட்டி பாடினார். வீடியோக்காரர்கள் அந்த நேரம் பந்தியில் இருந்தார்கள். உறவினர் ஒருவர் செல்போனில் எடுத்த 18 நிமிட கிளிப் மட்டுமே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வர முடியாத பாட்டியின் மகன் அந்தப் பாட்டைத்தான் முதலில் கேட்டார். அதைப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று குடும்பத்தாரும் சொல்லிவிட்டார்கள். பாட்டியை மீண்டும் உட்கார வைத்துப் பாடச் சொல்ல முடியாது, சொன்னாலும் அது நலங்குப் பாட்டு ஆகாது.

மூன்று இடங்களில் அளந்தோம். தொடக்கத்தில் விலகல் இல்லை. 9ஆம் நிமிடத்திலும் இல்லை. கடைசியில் படம் ஒலியைவிட 2.4 விநாடி முந்தியிருந்தது. சீரான வளர்ச்சி இல்லாததால் இரண்டாவது வகை இல்லை என்பது தெளிவு. நடுவே தேடியபோது, 11ஆம் நிமிடத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை சுமார் 12 விநாடி மண்டபம் மங்கலாக இருந்தது. அந்த நேரத்தில் செல்போன் 30 ஃப்ரேமிலிருந்து 24க்கு இறங்கியிருக்கிறது. விநாடிக்கு 6 ஃப்ரேம் குறைவு, 12 விநாடிக்கு 72 ஃப்ரேம். 72 ஃப்ரேமை 30ஆல் வகுத்தால் 2.4 விநாடி. கணக்கு அப்படியே பொருந்தியது. நண்பர் அதுவரை வெட்டி ஒட்டிய துண்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு, மூல ஃபைலிலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

சரிசெய்யும் முறை

1. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறக்கவும். வியூ மெனுவில் ட்ரீ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு விவரம் கிடைக்கும். வீடியோ பகுதியில் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

2. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதே ஃபைலைத் திறக்கவும். வீடியோ டேபில் ஃப்ரேம் ரேட் என்ற இடத்தில் 30 என்று கொடுத்து, அருகிலேயே கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் என்பதைத் தேர்வு செய்யவும்.

3. குவாலிட்டி அளவை 16 முதல் 18க்குள் வைக்கவும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும்.

4. ஆடியோ டேபில் சாம்பிள் ரேட்டை 48 ஆக மாற்றவும்.

5. வேறு பெயரில் சேமிக்கவும். மூல ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

6. புதிய ஃபைலை எடிட்டிங் மென்பொருளில் சேர்த்து, முன்பு அளந்த அதே மூன்று இடங்களில் மீண்டும் அளக்கவும். மூன்றிலும் விலகல் இல்லை என்றால்தான் வேலை முடிந்தது.

பாட்டியின் கிளிப்புக்கு இந்த மாற்றம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கரண்ட் போன இடத்திலும் பாட்டும் வாயசைவும் சேர்ந்தே வந்தன.

வராமல் தடுக்க

* செல்போன் வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது மறுபடி சுருக்கப்படும். கேபிள் மூலமோ, டாக்குமென்ட் ஆகவோ மூல ஃபைலையே வாங்குங்கள்.

* ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்ட் வீடியோ சென்று பால் ஃபார்மட்களைக் காட்டும்படி மாற்றினால் 25 ஃப்ரேம் கிடைக்கும். ஆட்டோ எஃப்பிஎஸ் என்பதை அணைத்துவிடவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 25 ஃப்ரேமும் ஐம்பதில் ஒரு விநாடி ஷட்டரும் வைத்தால் சீரியல் விளக்குகளின் கோடுகளும் பெரும்பாலும் வராது.

* டாவின்சி ரிசால்வில் முதல் கிளிப்பைச் சேர்ப்பதற்கு முன்பே டைம்லைன் ஃப்ரேம் ரேட்டை முடிவு செய்யுங்கள். பிறகு அந்த டைம்லைனில் மாற்ற முடியாது.

* ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கேமராக்கள் ஓடத் தொடங்கியதும் ஒரு முறையும், நிறுத்துவதற்கு முன் ஒரு முறையும் கையைத் தட்டுங்கள். அளப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

அடுத்த வேலை வந்ததும் எடிட்டிங்கைத் தொடங்குவதற்கு முன் எல்லா ஃபைல்களையும் மீடியாஇன்ஃபோவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேரியபிள் என்று வருபவற்றை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, இரவு தூங்கப் போகும்போது ஹேண்ட்பிரேக் வரிசையில் சேர்த்துவிடுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் தயாராக இருக்கும்.