தலைமயிர்ப் பராமரிப்பிற்குத் தோட்டத்திலும் வேலியிலும் விளையும் பொருள்கள்

தலைமயிரைப் பற்றிய தொல்லைகள் அற்பமானவை என்று எண்ணப்படினும், அவை இல்லாத வீடு கிராமத்தில் இல்லை எனலாம். சிக்கு, வறட்சி, பொடுகு, பேன், மயிர் உதிர்தல் ஆகிய ஐந்தும் அவற்றுள் முக்கியமானவை. இவற்றிற்காகக் கடைச் சரக்குகளில் செலவாகும் பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்து ஆண்டு முடிவில் ஒரு தொகையாகிவிடுகிறது. இத்தொல்லைகளுட் பலவற்றிற்கு வேண்டிய பொருள்கள் குடியானவரின் நிலத்திலும் வேலியோரத்திலுமே கிடைக்கின்றன. ஆயினும், எப்பொருள் எத்தொல்லைக்கு உதவும், எதற்கு உதவாது, எது கேடு விளைக்கும் என்னும் மூன்றையும் பகுத்தறிதல் அவசியம். மூன்றாவதை அறியாமையால் குழந்தைகளின் கண்பார்வையும் உயிருமே அபாயத்திற்கு உள்ளாவதுண்டு.

தண்ணீரின் குணம்

சிக்கிற்கும் வறட்சிக்கும் பெரும்பாலும் காரணம் மயிரன்று, கிணற்று நீரே. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுந்த கடின நீரில் சோப்புத் தேய்த்தால், சோப்பு அச்சத்துக்களுடன் கூடிக் கரையாத வெண்பசையாக மாறி மயிரில் ஒட்டிக்கொள்ளுகிறது. அதனால் மயிர் பிசுபிசுத்து, உலர்ந்தபின் சொரசொரப்பாகிச் சிக்குண்டு அறுகிறது.

நீரின் குணத்தை வீட்டிலேயே அறியலாம். ஒரு புட்டியிற் பாதியளவு நீர் விட்டுச் சிறிது சோப்புச் சீவலை இட்டு நன்றாய்க் குலுக்குக. நுரை எளிதில் எழுந்து நிலைத்தால் அது மென்னீர். நுரை எழாமல் வெண்ணிறத் திரிகள் மிதந்தால் அது கடின நீர். அத்தகைய நீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் கடினத்தின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெண்படிவாய்த் தங்கிவிடும். கூரையிலிருந்து சுத்தமாய்ப் பிடித்த மழைநீர் யாவற்றிலும் மேலானது. சோப்பையே உபயோகிக்க நேர்ந்தால், அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றை 2 லிட்டர் நீரிற் கலந்து கடைசியில் மயிரை அலசினால் அவ்வெண்பசை நீங்கும். தலையிற் புண் இருப்பின் இதனைச் செய்யலாகாது.

சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள சபோனின் என்னும் சத்து. சோப்பைப் போல இது கடின நீரில் திரிந்து பசையாவதில்லை. மேலும், சோப்பு காரத்தன்மை உடையது. காரத்தால் மயிரின் மேற்செதில்கள் விரிந்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். சீயக்காய்க் கரைசலோ சற்றுப் புளிப்புத்தன்மை உடையதாகையால் அக்கெடுதி நேர்வதில்லை. உவர்க் கிணறுள்ள ஊர்களில் முன்னோர் சீயக்காயை விரும்பியதற்கு இதுவே தக்க காரணமாகும்.

பூந்திக்கொட்டையில் உபயோகப்படுவது விதையன்று, அதன் மேலுள்ள தோடு. இது சீயக்காயினும் அதிகமாய் நுரைத்து எண்ணெயை முற்றிலும் நீக்கிவிடுமாதலால், வறண்ட மயிருள்ளவர்கள் இதைக் குறைவாய்ச் சேர்த்தல் நன்று. இதன் சாறு மீன்களுக்கு நஞ்சாகும். எனவே, தலை முழுகிய நீரும் கசடும் மீன் வளர்க்கும் குட்டையிற் சேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உசிலை என்பது மானாவாரிப் பிரதேசங்களில் தானே வளரும் மரம். உசிலம்பட்டி என்னும் ஊரின் பெயரிலும் இம்மரத்தின் பெயர் விளங்குகிறது. இதன் இலையை நிழலிலுலர்த்தி இடித்த தூளே கொங்குநாட்டில் அரப்பு என வழங்குவது. வறட்சியைத் தாங்கும் இம்மரத்தை வரப்போரங்களில் வெட்டாமல் விட்டுவைப்பது இலாபகரமே.

வீட்டுக்கு வேண்டிய தூளைப் பின்வருமாறு தயாரிக்கலாம். விதை நீக்கிய சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், பூந்திக்கொட்டைத் தோடு 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே வெயிலிற் காயவைத்து, காய் ஒடித்தால் சடக்கென ஒடியும் பக்குவம் வந்தபின் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். அரைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளாவிடில் தும்மலும் இருமலும் வருத்தும். ஈரம்பட்ட தூளிற் பூஞ்சணம் பிடிக்குமாதலால், இறுக மூடிய பாத்திரத்தில் வைத்து ஈரக்கை படாமல் எடுக்க வேண்டும். இத்தூளை வடிகஞ்சியிற் கரைத்துத் தேய்ப்பது நல்ல வழக்கம். கஞ்சியின் வழுவழுப்பும் வெந்தயத்தின் பசையும் சிக்கு எடுப்பதை எளிதாக்குகின்றன. செம்பருத்தி இலையை அரைத்த சாறும் இவ்வகையிற் பயன்படும். கண்ணிற் பட்டால் எரிச்சல் உண்டாகுமாதலால், குழந்தைகளுக்குத் தேய்க்கையில் தலையைப் பின்புறம் சாய்த்தே நீர் ஊற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெயின் சிறப்பு வெறும் பழக்கத்தால் ஏற்பட்டதன்று. இதில் ஏறக்குறைய பாதியளவு லாரிக் அமிலம் அமைந்துள்ளது. இது மயிரின் உட்புறம் வரை ஊடுருவி, கழுவும்போது மயிரிலுள்ள புரதச் சத்து கரைந்து போவதைக் குறைக்கிறது. மண்ணெண்ணெய் வகுப்பைச் சேர்ந்த வெள்ளை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இவ்வாறு செய்வதில்லை என்று மும்பை ஆராய்ச்சியாளர் 2003-ல் வெளியிட்டனர். ஆகையால் எண்ணெயைத் தலை முழுகுவதற்கு முன்பே தடவிச் சிறிது நேரம் ஊறவிடுதல் சிறந்தது.

எண்ணெயின் தரம் கொப்பரையிலேயே தீர்மானமாகிறது. கொப்பரையின் ஈரம் நூற்றுக்கு 6 பங்கிற்கு மேற்படாமற் காயவைத்துச் செக்கிற்கு அனுப்ப வேண்டும். ஈரக் கொப்பரையிற் பூஞ்சணம் பிடித்து எண்ணெய் விரைவிற் காறிப்போகும். களத்திற் காயும் கொப்பரையை மாலையில் மூடிவைப்பதும், மண்ணும் தூசியும் படாமற் காப்பதும் சிறிய வேலைகளே. ஆயினும் வீட்டு எண்ணெயின் மணமும் சந்தையில் விலையும் இவற்றையே பொறுத்தவை.

பொடுகும் மயிர் உதிர்தலும்

எண்ணெயால் எல்லாம் தீரும் என்று எண்ணுவது தவறு. பொடுகிற்குக் காரணமாவது தலைத்தோலிலுள்ள கொழுப்பை உண்டு வாழும் ஒருவகை நுண்காளான். எண்ணெயை ஊறவிட்டு நாட்கணக்கில் கழுவாமலிருந்தால் பொடுகு குறையாது, அதிகரிக்கவும் கூடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை தலையை நன்கு கழுவுவதே முதற் பரிகாரம். அதற்கும் அடங்காவிடில் மருத்துவர் கூறும் மருந்தை உபயோகிக்க வேண்டும். குழந்தைகளின் தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் கண்டால் அது படர்தாமரையாயிருக்கலாம். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடியது. அதற்குத் தாமதமின்றி வைத்தியம் தேவை.

நாள்தோறும் 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது இயற்கை. பிரசவத்திற்கும் கடும் சுரத்திற்கும் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் அதிகமாய் உதிர்ந்து, பிறகு தானே வளர்வதும் வழக்கம். சோகையால் உதிர்வதாயின், தேவையானது தைலமன்று, இரும்புச் சத்தே. வீட்டுத் தோட்டத்து முருங்கைக்கீரையும், கேழ்வரகும், பயறு வகைகளும் உணவில் உதவும். சோகை முற்றியவர்களுக்கு மருத்துவமனை மாத்திரை அவசியம்.

பேன்: செய்யத் தக்கதும் தகாததும்

பேன் அழுக்கினால் உண்டாவதன்று. தலையோடு தலை படுவதால் பரவுவது. ஈர் பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவம் அடையவும் ஏறத்தாழ அதே காலம் செல்லும். களை விதைக்குமுன் களையெடுக்கும் முறையே இங்கும் பொருந்தும். தலையைக் கழுவி, ஈரமாயிருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவி, நெருங்கிய பற்களையுடைய பேன்சீப்பால் மயிரடியிலிருந்து நுனிவரை வகிடு வகிடாய் வாருக. முதல் நாள், 5-ஆம் நாள், 9-ஆம் நாள், 13-ஆம் நாள் என நான்கு முறை செய்து, 17-ஆம் நாளிற் சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளிற் பார்க்காவிடில் பாடு வீணாகும்.

இனி எச்சரிக்கை. முதலாவது, சீத்தாப்பழ விதை. இதனை அரைத்துப் பேனுக்குப் பூசும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பேன் சாகும் என்பது மெய்யே. ஆனால் இத்தூள் கண்ணிற் பட்டால் கருவிழி வெந்து கடும் நோவும் புண்ணும் உண்டாகிப் பார்வைக்கே ஊறு நேரலாம். இரண்டாவது, மண்ணெண்ணெய். இது தோலை எரிப்பதோடு, அடுப்பருகே சென்றால் தீப்பற்றிக்கொள்ளும்.

மூன்றாவதும் மிகக் கொடியதும் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து. செடியின் பூச்சியைக் கொல்லும் மருந்து தலைப் பூச்சியையும் கொல்லுமே என்று எண்ணி, மிஞ்சிய மருந்தைக் குழந்தையின் தலையிற் பூசுவோர் உளர். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகள் தலைத்தோல் வழியே உடலிற் புகுந்து உயிரைப் போக்கக்கூடியவை. வியர்வை, எச்சில் ஒழுகல், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை விஷக் குறிகள். அறியாமற் பூசப்பட்டிருந்தால் குறிகள் தோன்றும்வரை காத்திராமல், உடனே உடையைக் களைந்து, கையுறை அணிந்து தலையையும் உடலையும் சோப்பிட்டு ஏராளமான நீரால் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கண்ணில் எது பட்டாலும் 15 நிமிஷத்திற்குக் குறையாமல் சுத்த நீரால் கழுவிக்கொண்டேயிருந்து, பின் கண் மருத்துவரிடம் காட்டுக.

செய்யவேண்டிய ஏற்பாடுகள்

சீயக்காய் முள்ளடர்ந்த பெருங்கொடி. தோட்டத்தின் உயிர்வேலிக்கு ஏற்றது. ஆயினும் அகலப் படருமாதலால் பயிருக்குச் சற்று விலகியே நடவேண்டும். விதையின் தோல் கடினமானதால், கொதித்து இறக்கிய வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்தபின் ஊன்றுதல் நலம். மலைச் சரகங்களிற் காடுகளிலிருந்து சீயக்காயைச் சேகரித்து விற்பது பழங்குடியினரின் ஜீவனங்களுள் ஒன்று. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின்மீது அவர்களுக்குரிய உரிமையை உறுதி செய்துள்ளது. அங்ஙனம் சேகரித்தவற்றைக் கொள்முதல் செய்வோரும் கிராம அதிகாரிகளும் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

கிராம அதிகாரிகள், பள்ளி ஆசிரியர்களுடன் கலந்து, ஒரே வாரத்தில் எல்லா வீடுகளிலும் பேன் வாரச் செய்தால், தனித்தனி வீடுகள் ஆண்டு முழுவதும் படும் பாடு குறையும். நிலமுடையோர் பூச்சிமருந்தைப் பூட்டிய பெட்டியில் வைத்து, காலியான புட்டிகளை வீட்டிற்குள் கொண்டுவராமல் இருப்பார்களாயின், கொடிய அபாயம் வாசலிலேயே தடுக்கப்படும். வேலியோரத்துச் சீயக்காயும் களத்துக் கொப்பரையும் தலைக்கு உரியவை. மருந்துப் பெட்டியிலுள்ளது பயிருக்கு மட்டுமே உரியது.