குருதியிற் புகும் பங்கசும் வளர்ப்பின்றி அறியும் சோதனைகளும்

பங்கசு என்றதும் பழம்பாணிற் படரும் பூஞ்சணமே நம் நினைவிற்கு வரும். கந்திடா என்னும் மதுவவகைப் பங்கசோ நம் வாயிலும் குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வது. தீவிர சிகிச்சையில் நெடுநாட் கிடப்போர், வெண்குருதிக் கலங்கள் குன்றியோர், நாளத்திற் குழாய் பொருத்தப்பெற்றோர் ஆகியோரின் குருதியில் அது புகுமாயின் உயிருக்கே இறுதி பயக்கும்.

இந்நோயை அறியும் பழைய வழி, குருதியை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பங்கசு பெருகும்வரை காத்திருத்தலாம். இதில் இரு குறைகள் உள. விடை வர 2, 3 நாட்கள் செல்லும். தக்க மருந்து தாழ்க்குந்தோறும் இறப்பு மிகும். அன்றியும், நோய் உறுப்புக்களின் ஆழத்தே தங்கிக் குருதியிற் பங்கசு அருகியிருப்பின் வளர்ப்பு ஒன்றுங் காட்டாது. இவ்வகை நோயுள் ஏறத்தாழப் பாதியையே அது வெளிப்படுத்தும்.

ஆதலின், பங்கசை வளர்க்காது அதன் சுவட்டைத் தேடும் சோதனைகள் எழுந்தன. கலச்சுவரிலுள்ள பீற்றா-டி-குளுக்கன் என்னும் பொருளைக் குருதியில் அளப்பது ஒன்று. குதிரைலாட நண்டின் குருதிக் கலங்களிலிருந்து எடுத்த சாறு, இப்பொருள் பட்டதும் உறையத் தொடங்கும் இயல்பே இதற்கு அடிப்படை. 2014 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறிதொரு முறை, கந்திடாவின் 5 இனங்களைக் காந்தப் பரிவின் துணையாற் சில மணி நேரத்திற் காட்டியது.

இவற்றின் பயன் யாது? கணக்கொன்றாற் காண்போம். 100 நோயாளருள் 5 பேருக்கே இந்நோய் உண்டென்றும், சோதனை நோயுள்ளாரையும் இல்லாரையும் தனித்தனி 80 சதவீதம் சரியாகக் காட்டுமென்றும் கொள்வோம். நோயுள்ளாருள் 4 பேரும், நோயில்லாத 95 பேருள் 19 பேரும் 'உண்டு' என்னும் விடை பெறுவர். அந்த 23 பேருள் மெய்யான நோயாளர் நால்வரே. 'இல்லை' என்னும் விடை பெறும் 77 பேருள்ளோ 76 பேர் நோயற்றோர். எனவே, இத்தகையோரிடத்து 'உண்டு' என்பதினும் 'இல்லை' என்பதே நம்பத்தக்கது. வேண்டாத மருந்தை நிறுத்த அது துணைசெய்யும். நோய்க்குறிகள் மிக்காரிடத்துச் சோதிப்பின் 'உண்டு' என்னும் விடையும் வலுப்பெறும்.

வேறு தடைகளும் உள. சத்திரசிகிச்சையிற் பயன்படும் பருத்திச் சல்லடைத்துணியும், குருதியைச் சுத்திசெய்யும் செலுலோசு மென்சவ்வும் குளுக்கனைக் குருதியிற் சேர்த்துப் பொய்விடை தரலாம். மியூக்கர் இனத்தை இச்சோதனை காட்டாது. 2009 இல் யப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தறியப்பட்ட கந்திடா ஓரிசு, மேற்கூறிய 5 இனங்களுள் அடங்காது.

ஆகவே, வளர்ப்பைக் கைவிடலாகாது. எந்த மருந்திற்குப் பங்கசு பணியும் என்பதை அறிய, வளர்த்தெடுத்த பங்கசே பெரிதும் வேண்டப்படும். புதிய சோதனை விரைவைத் தரும். அதன் விடையை நோயாளியின் நிலையோடு பொருத்தி நோக்குதல் வைத்தியரின் கடன். விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.