வீட்டுக் கணினியில் கோப்பு அனுமதிகள்

ஒரு வீட்டில் கணினி ஒன்று, பயன்படுத்துவோர் மூவர். தந்தை தம் மளிகைக் கடையின் வரவு செலவுக் கணக்கை அதில் எழுதி வருகிறார். மகன் கல்லூரியில் பயில்கிறான். மகள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. உபுண்டு இயக்க அமைப்பு நிறுவப்பட்ட அக்கணினியில் மூவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகள் உள்ளன. ‘குடும்பம்’ என்னும் பொதுக் கோப்புறையும் ஒன்று உண்டு. தந்தை தம் கணக்குக் கோப்பை அதில் வைத்து, பிள்ளைகள் படிக்கலாம், திருத்தக் கூடாது என அனுமதியை அமைத்திருந்தார். ஒரு மாலை, வட்டில் இடம் போதவில்லை என்று மகன் அக்கோப்புறையிலிருந்த பழைய கோப்புகளை நீக்கினான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். மறுநாள் காலையில் கணக்குக் கோப்பு இல்லை. ஓர் எழுத்தைக்கூட மாற்ற உரிமையில்லாத கோப்பை அவனால் முழுமையாக அழிக்க முடிந்தது எப்படி?

இதற்கு விடை காண, அனுமதி முறையின் தோற்றத்தை அறிதல் நன்று. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அக்காலக் கணினி விலை மிகுந்தது; ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தே பயன்படுத்தினர். ஆகவே, ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், குழு எது என்பதைக் கணினி குறித்து வைத்தது. லினக்ஸும் அதன் வழிவந்த உபுண்டுவும் இம்முறையையே பின்பற்றுகின்றன. அலுவலகத்துக்கென வகுத்த முறை இன்று வீட்டுக் கூடத்துக்கும் பொருந்துகிறது.

பயனர்கள் உரிமையாளர், குழு, பிறர் என மூவகைப்படுவர். ஒவ்வொரு வகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்புகள் உண்டு. அவற்றைக் கூட்டினால் ஒரு வகையினரின் அனுமதி ஒற்றை இலக்கத்தில் அடங்கிவிடும். தந்தை தம் கோப்புக்குத் தந்தது 640. உரிமையாளராகிய அவர் படிக்கவும் எழுதவும் செய்யலாம் (4+2). குழுவினராகிய பிள்ளைகள் படிக்க மட்டும் செய்யலாம் (4). பிறருக்கு எதுவும் இல்லை (0). இதில் பிழை ஏதும் இல்லை.

பிழை கோப்புறையில் இருந்தது. கோப்புறையை, கோப்புகளை இட்டுவைக்கும் பெட்டி என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது வகுப்பின் வருகைப் பதிவேடு போன்றது. எந்தப் பெயருக்குரிய கோப்பு எங்கே உள்ளது என்னும் பட்டியலே அது. பதிவேட்டிலிருந்து ஒரு மாணவரின் பெயரை அடிக்க அம்மாணவரின் ஒப்புதல் வேண்டியதில்லை. பதிவேட்டில் எழுதும் உரிமை இருந்தால் போதும். கோப்பை அழிப்பதும் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதேயாகும். எனவே, அழிக்கும் உரிமையைத் தீர்மானிப்பது கோப்பின் அனுமதியன்று. கோப்புறையின் எழுதும் அனுமதி. ‘குடும்பம்’ கோப்புறைக்கு 770 அனுமதி இருந்தது. பிள்ளைகளும் அதில் புதிய கோப்புகளை வைக்க வேண்டும் என்பதால் குழுவுக்கு எழுதும் அனுமதி தரப்பட்டது. அதனோடு அழிக்கும் உரிமையும் சேர்ந்தே சென்றுவிட்டது.

கோப்புறையில் மற்ற இரண்டு அனுமதிகளின் பொருளும் சற்று வேறுபடும். படித்தல் என்பது பெயர்ப் பட்டியலைக் காண்பது. இயக்குதல் என்பது உள்ளே நுழைவது. நுழையும் அனுமதி இல்லையெனில், பெயர்கள் தெரிந்தாலும் கோப்புகளைத் திறக்க இயலாது.

இச்சிக்கலுக்கு யுனிக்ஸ் மரபிலேயே தீர்வு உண்டு. ‘ஸ்டிக்கி பிட்’ எனப்படும் அமைப்பைக் கோப்புறைக்குத் தந்தால், அதிலுள்ள ஒரு கோப்பை அக்கோப்பின் உரிமையாளரும், கோப்புறையின் உரிமையாளரும், நிர்வாகியும் மட்டுமே நீக்க முடியும். எல்லாப் பயனரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறை இவ்வாறுதான் காக்கப்படுகிறது. அதன் அனுமதி 1777. குடும்பக் கோப்புறைக்கு 3770 பொருத்தமானது. முதல் இலக்கமாகிய 3இல், 1 ஸ்டிக்கி பிட்டைக் குறிக்கும். 2, அங்கு உருவாகும் புதிய கோப்புகள் தாமாகவே குடும்பக் குழுவுக்கு உரியவையாகச் செய்யும். இதனை முனையத்தில் ‘சிஎச்மாட்’ கட்டளையால் அமைக்கலாம். கோப்புறையை உருவாக்கியவன் மகனாக இருந்தால் இவ்வளவு செய்தும் பயனில்லை. கோப்புறையின் உரிமையாளர் என்ற முறையில் அவன் எதையும் நீக்கலாம். ஆகவே, உரிமையை முதலில் தந்தையின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

அனுமதி தொல்லை தரும்போதெல்லாம் 777 என இட்டுவிடுவது பலரின் வழக்கம். அது பூட்டைத் திறக்கத் தெரியாமல் கதவையே கழற்றி வைப்பது போன்றது. மூவரும் ஒரே கணக்கில் நுழைவதும் அத்தகையதே; அப்போது கணினியின் பார்வையில் மூவரும் ஒருவரே.

பயனரின் சொந்த இல்லக் கோப்புறையையும் கவனிக்க வேண்டும். உபுண்டுவின் பழைய பதிப்புகளில் அதன் இயல்பான அனுமதி 755. வீட்டில் கணக்குள்ள எவரும் உள்ளே சென்று பார்க்கலாம். 21.04 பதிப்பிலிருந்து அது 750 ஆயிற்று. பழைய பதிப்பில் தொடங்கிய கணக்கின் அனுமதி, பதிப்பை உயர்த்துவதால் மட்டும் மாறிவிடாது. மகள் தன் நாட்குறிப்பை அங்கு வைத்திருந்தால், முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும். நிர்வாகி உரிமை பெற்றவரை இவ்வனுமதிகள் தடுக்க மாட்டா. வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைப்பவரையும் தடுக்க மாட்டா. அதற்கு வட்டையே மறையாக்கம் செய்ய வேண்டும்.

அவ்வீட்டில் முந்தைய வாரம் பென் டிரைவில் எடுத்துவைத்த நகல் ஒன்று இருந்தது. விடுபட்ட ஆறு நாள் கணக்கைக் கடைச் சீட்டுகளைப் பார்த்து மகனே மீண்டும் தட்டச்சு செய்தான். கோப்புறை இப்போது தந்தையின் பெயரில், 3770 அனுமதியுடன் உள்ளது.