இடிக்கலாமா, மீட்கலாமா? சேப்பாக்கம் அரண்மனை எடுக்கும் கிளாஸ்

சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்கப் போனவங்க, பக்கத்துல நிக்கிற சிவப்புக் கட்டிடத்தைக் கவனிச்சிருக்கீங்களா? நம்ம கூடுவாஞ்சேரியில ஏறி ரெண்டு ரயில் மாறினா போதும். சிவில் படிக்கிறவங்க ஒருமுறையாவது போய்ப் பார்க்கணும்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் எழுந்த அரண்மனை அது. ஹுமாயூன் மகால், கலச மகால் என்று இரண்டு பகுதிகள். 1855-க்குப் பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ராபர்ட் சிஷோம் என்ற கட்டிடக் கலைஞர் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பினார். பிறகு அரசு அலுவலகங்கள் வந்தன. 2012 ஜனவரியில் கலச மகாலில் தீ. ஒரு தீயணைப்பு அலுவலர் உயிரிழந்தார். மரக் கூரை எரிந்து விழுந்தது, சுவர்கள் நின்றன.

இப்போ நீங்கதான் இன்ஜினியர்னு வச்சுக்கோங்க. என்ன செய்வீங்க?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டிலேயே பெரிய சண்டை நடந்தது. பிரான்சின் வியோலே-லெ-டுக், ஒரு கட்டிடத்தை முழுமையான வடிவத்துக்குக் கொண்டு வரலாம், அந்த வடிவம் முன்பு இருந்ததே இல்லையென்றாலும் பரவாயில்லை என்றார். இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின் 1849-லேயே இதை எதிர்த்தார்: மீட்டமைப்பு என்பதே பொய், இருப்பதை ஒழுங்காகப் பராமரித்தால் போதும். ரெண்டு பேரும் கொஞ்சம் ஓவர்தான்.

1964-ல் வந்த வெனிஸ் சாசனம் நடுவழி சொன்னது. எல்லாக் காலத்துச் சேர்க்கைகளையும் மதிக்க வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும். சேப்பாக்கத்துக்குப் பொருத்திப் பாருங்க. 1768-ல் இருந்த மாதிரியே வேணும்னா சிஷோம் கோபுரத்தை இடிக்கணும். அதுவும் இன்னைக்கு வரலாறுதானே?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் தியரி, நம்ம கோயில்ல பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பணி பண்ணி குடமுழுக்கு நடத்துறோமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1994-ல் ஜப்பானில் உருவான நாரா ஆவணம், அசல்தன்மையை அந்தந்தப் பண்பாட்டை வைத்தே மதிப்பிடணும் என்றது. ஆனா திருப்பணிங்கிற பேர்ல கல்லின் மேல் மணலைப் பீய்ச்சி அடிச்சு கல்வெட்டைத் தேய்ச்சா, அதுக்கு எந்தத் தியரியும் துணைக்கு வராது.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம்: சாந்து. அந்தக் காலத்து 'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். மேலே செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் கான்கிரீட், அதன்மேல் தட்டோடு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெதுவாக மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. கெட்டிப்பட்டாலும் கொஞ்சம் நெகிழும், ஈரத்தையும் வெளியே விடும்.

இது மேல சிமெண்ட் பூசினா என்ன ஆகும்? சிமெண்ட் விறைப்பானது, ஈரத்தை எளிதில் விடாது. சுவருக்குள் ஏறிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பழைய செங்கலிலேயே தங்கும். உப்பு அங்கேயே படிகமாகி செங்கலைப் பொடியாக்கும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே உதிரும். அதனால்தான் ஹுமாயூன் மகாலை மீட்கும்போது பொதுப்பணித் துறை சுண்ணாம்போடு வெல்லம், கடுக்காய் ஊறிய நீரைச் சேர்த்தது. (சிமெண்ட்ல சர்க்கரை விழுந்தா செட்டிங் கெடும்னு லேப்ல படிச்சோமே, அதே சர்க்கரை சுண்ணாம்பு கரைய உதவுது!)

கலச மகாலிலும் கூரை மறுபடி எழுந்தது. இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது.

சேப்பாக்கத்தைக் காப்பாற்ற அரசு இருந்தது. நம்ம தெருவுல இருக்கிற பழைய சுண்ணாம்பு வீட்டுக்கு? வீட்டுக்காரர் கூப்பிடுவது அடுத்த வருஷம் வேலைக்குப் போகப்போற நம்மளைத்தான். 'இடிச்சிடலாம் சார்'னு சொல்றது ரொம்ப ஈசி. அதுக்கு முன்னாடி சுவரைச் சுரண்டி எந்தச் சாந்துன்னு பாருங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு முதல்ல அதை நிறுத்துங்க. விட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தை ஆணியால் குத்திப் பாருங்க. பெரும்பாலும் உளுத்துப் போறது அங்கதான். அதுக்கப்புறம் எஸ்டிமேட் போடலாம்.