ஓட்டைக் காலணா

எங்க ஆச்சி சுருக்குப்பையில் ஒரு பழைய காசு இருக்கு. நடுவில் வட்டமாக ஓட்டை. 1943 என்று போட்டிருக்கும். ஆச்சிக்கு அவங்க அம்மா, அதாவது எங்க பூட்டி, கொடுத்ததாம்.

தோழிகளே, அந்த ஓட்டை எதுக்குத் தெரியுமா? கயிற்றில் கோர்க்கத்தான் என்று நான் நினைத்தேன். இல்லை. இரண்டாம் உலகப்போருக்குச் செம்பு நிறையத் தேவைப்பட்டது. அதனால் காசில் மிச்சம் பிடித்தார்கள். 1943 முதல் 1947 வரை காலணா இப்படித்தான் வந்தது. 64 காலணா சேர்ந்தால் ஒரு ரூபாய்.

பத்தாம் வகுப்பு அக்காக்களின் புத்தகத்தில் ஹிட்லர், ஹிரோஷிமா எல்லாம் இருக்கு. எங்க ஊரில் குண்டு ஒன்றும் விழவில்லை. ஆனாலும் போர் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. எப்படி என்றால், சென்னை மாகாணத்துக்குப் பர்மாவில் இருந்து கப்பலில் அரிசி வரும். மண்ணெண்ணெயும் வரும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இரண்டும் நின்றுபோச்சு. வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். இங்கே பங்கீட்டு அட்டை வந்தது.

1945இல் போர் முடிந்தது. தட்டுப்பாடு முடியவில்லை! மழையும் ஏமாற்றியது. 1946இல் பங்கீடு இருந்த ஊர்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்சு தானியம்தான். அதாவது சுமார் 340 கிராம். கடையில் நிறுத்துப் பார்த்தேன், குறைவாகத் தெரியவில்லை. ஆச்சியிடம் சொன்னதும் சிரித்தார்கள். "காய், பருப்பு, எண்ணெய் இல்லாம அதை மட்டும் தின்னுட்டு நாள் முழுக்க நாத்து நட்டுப் பாரு" என்றார்கள். அரிசிக்குப் பதில் கோதுமை போட்டால் அதை என்ன செய்வது என்றே பூட்டி வீட்டில் தெரியாதாம். இடித்துக் கஞ்சி காய்ச்சினார்களாம்.

துணிதான் ரொம்பக் கஷ்டம். மில் துணி பட்டாளத்துக்குப் போனது. மீதிக்கும் கட்டுப்பாடு. பூட்டிக்கும் அவங்க தங்கச்சிக்கும் சேர்த்து வெளியே போட நல்ல பாவாடை ஒன்றுதான். ஒருத்தி பள்ளிக்கூடம் போனால் இன்னொருத்தி வீட்டில் இருக்கணும். கொஞ்ச நாள் மாற்றி மாற்றிப் போனார்கள். அப்புறம் பூட்டி, "நீயே போ" என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாம் வகுப்போடு சரி.

1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். அப்போது பூட்டிக்கு இருபது வயது. கல்யாணம் ஆகிவிட்டது. தங்கச்சி எட்டாம் வகுப்பு வரை படித்தார்கள். பூட்டிக்கு வரும் கடிதமெல்லாம் அவங்கதான் வாசித்துச் சொல்வார்களாம்.