ஒரு தொட்டி, ஒரு மீன்



சான்பாடாவில் வாடகை அறைகளில் தங்கிப் பயிலும் நம் மாணவர் சிலர் உளர். அறை ஒன்றுக்கு மூவர், சன்னல் ஒன்று, மேசை ஒன்று. அம்மேசையின் ஓரத்தில் சிறு மீன்தொட்டி ஒன்று வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கும் எழுகின்றது. எனக்கும் எழுந்தது. முதலாண்டில், நகரத்துக் கடை ஒன்றில், நான்கு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வந்தேன். ஐந்தாம் நாள் காலையில் இரண்டும் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலும் என்றெண்ணி இரை தூவிவிட்டு வகுப்பிற்குச் சென்றேன். மாலையில் திரும்பியபோது இரண்டும் இறந்து மிதந்தன.

உயிரியல் பயிலும் மாணவன் செய்த செயல் இது! வெட்கம் தாளாமல் நூல்களைத் தேடிப் படித்தேன். சிறிய தொட்டிக்கு ஏற்ற ஒற்றை மீன் எது என்பதைப் பற்றி அன்று முதல் கற்றவற்றை இங்குத் தொகுத்துத் தருகின்றேன்.

நீரின் கணக்கு

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றது. உண்ணாமல் கிடக்கும் இரையும் அழுகி அம்மோனியா ஆகும். அது மீனுக்கு நஞ்சு. ஒரே அளவு கழிவு 4 லிட்டரில் கலந்தால், 20 லிட்டரில் கலப்பதைவிட ஐந்து மடங்கு செறிவாகும். சிறு தொட்டி எளிது என்று கருதுகின்றோம்; உண்மையில் பிழை பொறுக்காத தொட்டி அதுவே.

மூச்சுக் காற்றின் கணக்கும் உண்டு. 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் அது 7.5 அளவிற்குக் குறைந்துவிடும். மும்பையின் மே மாதத்தை எண்ணிப் பாருங்கள். வாய் குறுகிய கிண்ணத்தில் காற்று படும் பரப்பும் குறைவு. என் தங்கமீன்கள் வாய் திறந்தது பசியினால் அன்று, மூச்சுத் திணறியதனால். நான் தூவிய இரை நஞ்சை மிகுவித்தது.

ஆதலின் 40 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 20 செ.மீ. உயரம் நீர் நிரப்புவோம். அது 20 லிட்டர். நீரின் எடை மட்டுமே 20 கிலோ. ஆட்டம் காணும் மேசையில் வைக்கலாகாது. இந்த அளவுக்கு எந்த மீன் பொருந்தும்?

தகாதவை

தங்கமீன் தகாது. கடையில் விரல் நீளம் இருப்பது 20 செ.மீ.க்கு மேலும் வளரும். பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஏஞ்சல் மீனுக்கு உயர்ந்த, பெரிய தொட்டி வேண்டும். நியான் டெட்ரா கூட்டமாக வாழ்வது. தனித்து விட்டால் அஞ்சி ஒடுங்கும். கப்பி குட்டி ஈனும் மீன். ஒரு சோடி வாங்கினால் சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் ‘சக்கர்’ மீன் ஓர் அடிக்கும் மேல் வளர்வது.

பனையேறியின் உறவினன்

எஞ்சி நிற்பது கடைக்காரர் ‘ஃபைட்டர்’ என்று கூறும் சயாமியச் சண்டை மீன். அறிவியலார் ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ என்பர். தாய்லாந்து நாட்டுக்கு உரியது. 2019இல் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

இம்மீனின் சிறப்பு அதன் தலையில் உள்ளது. செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக, குருதி நிறைந்த ஓர் அறை உண்டு. மேலே வந்து வாயால் உறிஞ்சும் காற்றிலிருந்து அவ்வறை நேரே ஆக்சிசனை எடுத்துக்கொள்ளும். ஆகவே வெதுவெதுப்பான, அசைவற்ற நீரிலும் இது மூச்சு முட்டாமல் வாழும்.

இவ்வமைப்பு தமிழருக்குப் புதிதன்று. நம் ஊர்க் குளத்துப் பனையேறிக் கெண்டைக்கும் இதுவே உண்டு. 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்னும் டேனியப் படையலுவலர், குளக்கரைப் பனையின் பட்டை இடுக்கிலிருந்து அம்மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். இலண்டன் லின்னேயச் சங்கம் 1797இல் அதனை வெளியிட்டது. மற்றோர் உறவினன் நம் நாட்டு ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் ‘கியூபேனஸ்’ என்னும் சிறு மீன். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றின் பெயரே அதற்கு அமைந்தது. சயாமிலிருந்து வந்த விருந்தாளி நமக்குத் தூரத்து உறவே!

தனிமையும் இதற்கு இயல்பு. ஆண்மீன் தன் எல்லைக்குள் மற்றோர் ஆணைப் பொறுக்காது. செதில் கிழியப் போரிடும். ‘துணை வேண்டாவா?’ என்று இரங்கி இரண்டாவதை விடுவோர் உளர். அந்த இரக்கம் கொலையில் முடியும்.

புட்டியில் வாழுமா?

கடைகளில் இம்மீனைச் சிறு புட்டிகளில் அடுக்கி வைத்திருப்பதைக் காண்கின்றோம். ‘இதற்கு இவ்வளவு நீரே போதும்’ என்னும் எண்ணம் அதனால் பரவியுள்ளது. காற்றை உறிஞ்சும் ஆற்றல் மூச்சுத் திணறலிலிருந்து காக்கும், அம்மோனியாவிலிருந்து காக்காது. இதன் பிறப்பிடமான வயல்களும் வாய்க்கால்களும் ஆழம் குறைந்தவை. ஆனால் பரப்பு அகன்றவை. புட்டியில் அது சாகாமல் இருப்பது சிறிது காலமே. அதனை வாழ்வு என்று கொள்ளலாகாது.

ஆயத்தம்

முதலில் தொட்டி, பின்னரே மீன். நவி மும்பைக்கு மோர்பே அணையிலிருந்து வரும் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சில துளி இட்டோ பயன்படுத்துக. மென்மையாக ஓடும் பஞ்சு வடிகட்டி ஒன்று வேண்டும். நீரோட்டம் வலுத்தால் நீண்ட துடுப்புகள் தளரும். சிறிது வேலம்பாசி இட்டால் மீன் மறைந்து ஓய்வெடுக்கும்.

வடிகட்டியின் பஞ்சில் இருவகை நுண்ணுயிர்கள் குடியேறவேண்டும். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை நைட்ரைட்டை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும். மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை இரை இட்டுவரின் நான்கு முதல் ஆறு வாரங்களில் இவை நிலைபெறும். நண்பரின் நலமான தொட்டியிலிருந்து பழைய பஞ்சு சிறிது கிடைத்தால் காலம் குறையும். சோதனைத் துளிகளால் நீரைப் பார்த்து, அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் இல்லை என்றான பின்னரே மீனை வாங்குக. கழிவோ இரையோ இல்லையெனில் இந்நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்து மாயும். ஆதலின் மீன் வரும்வரை இரையிடுவதை நிறுத்தலாகாது.

கடையில், சுறுசுறுப்பாக நீந்துவதையும், தன் நிழலைக் கண்ணாடியில் கண்டு செவுள்மூடியை விரிப்பதையும் தேர்க. துடுப்புகள் ஒட்டிக்கிடப்பதை விடுக. நீர்மட்டத்திற்கு மேல் இரு விரல் இடம் விட்டு மூடியிடுக, இம்மீன் துள்ளும். வெப்பம் 24 முதல் 28 பாகை நன்று. சனவரி இரவுகளில் கவனம் வேண்டும். இரை காலையும் மாலையும் மூன்று நான்கு உருண்டை. வாரந்தோறும் 5 லிட்டர் நீர் மாற்றுக, முழுவதும் மாற்றலாகாது.

வாங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்க. இம்மீன் மூன்றாண்டளவு வாழக்கூடும். அது நம் பட்டப்படிப்பின் காலம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? படிப்பு முடிந்தபின் தொட்டியை யார் ஏற்பார்? விடை இல்லையெனில் வாங்கற்க. வேண்டாத மீனை அருகிலுள்ள ஏரியிலோ கழியிலோ விடுவது பெரும்பிழை. அயல்மீன் அங்கு மாளும், அன்றி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கும்.

இன்று என் மேசையில் நீலநிற ஆண்மீன் ஒன்று இரண்டாம் ஆண்டாக வாழ்கின்றது. இதற்கு முன் ஆறு வாரம் நான் வெறும் நீரைக் காத்திருந்தேன். அறைத் தோழர்கள் நகைத்தனர். இப்போது அவர்களே முறை வைத்து இரை இடுகின்றனர்.