புண்ணைக் கடலில் நனைக்காதீர்கள்

சாத்தூரில் காராச்சேவு வாங்க நின்ற இடத்தில் மறுபடியும் அதே பேச்சு காதில் விழுந்தது. பட்டாசு ஆலையில் மருந்து தீப்பிடித்து முன்கை வெந்துபோன ஒரு பெண். கட்டைப் பிரித்து நாலு நாள்தான் ஆகிறதாம். தோல் இன்னும் ரோஜா நிறத்தில் பளபளத்தது, ஓரத்தில் நீர் கசிந்தது. கூட வந்த மதினி சொல்கிறார்: "திருச்செந்தூர் போயி கடல்ல கையை முக்கிக்கிட்டு நில்லு. அம்புட்டு உப்புல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்? ரெண்டே நாள்ல பொருக்குத் தட்டிரும்."

நான் குறுக்கே புகுந்து, வேண்டவே வேண்டாம் என்றேன். கடைக்காரர் மதினிக்குப் பரிந்து பேசினார்: "ஏன் டீச்சர், ஆஸ்பத்திரியிலயே உப்புத் தண்ணி வச்சுத்தானே கழுவுறாங்க?"

நுண்ணுயிரியல் பாடம் நடத்தி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பேச்சைக் கேட்காத வருஷம் ஒன்றுகூட இல்லை. சர்க்கரைக்காரர் கால் புண்ணுக்கும் இதே வைத்தியம், செருப்புக் கடித்த புண்ணுக்கும் இதே வைத்தியம். படித்தவர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

முதலில் ஆஸ்பத்திரி உப்புத் தண்ணீர். சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏறத்தாழச் சமம் என்பதால்தான் அந்த அளவு, சதைக்கு நோகாது. கிருமி நீக்கி, மூடி அடைத்து வருகிறது. அது புண்ணில் உள்ள அழுக்கை அடித்துக்கொண்டு போகிறது. கிருமியைக் கொல்வது அதன் வேலையே இல்லை. கடல் தண்ணீரிலோ லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதோடு உயிர்கள். ஒரு மில்லிலிட்டருக்குள், அதாவது ஏறத்தாழ இருபது சொட்டுக்குள், பல லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அதைப்போல் பத்து மடங்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை. கடலையே உயிரோடு வைத்திருப்பவை. ஆனால் "கிருமி வாழாது" என்பது முழுப் பொய்.

மழை முடிந்த கையோடு ஒருமுறை வைப்பாறு கடலில் சேருகிற முகத்துவாரத்திலிருந்து மாணவிகள் தண்ணீர் எடுத்து வந்தார்கள். நம் சாத்தூர்ப் பாலத்துக்கு அடியில் போகிற அதே வைப்பாறுதான். டி.சி.பி.எஸ். என்று கிருமி வளர்க்கும் ஊடகம் ஒன்று உண்டு. தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கரும்பச்சையாக, கடற்பாசி அல்வா மாதிரி உறையும். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தடவி, 37 டிகிரி சூட்டுப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் பெட்டியைத் திறந்தால் தட்டு முழுக்கக் கடுகு அளவில் மஞ்சள் புள்ளிகள், இடையிடையே பச்சைப் புள்ளிகள். விப்ரியோ என்ற பாக்டீரியா வகைகளுக்காகவே செய்த தட்டு அது. அவற்றில் பலவற்றுக்கு உப்பு சாவு இல்லை, சாப்பாடு மாதிரி. உப்பில்லாத தட்டில் தடவினால் முளைக்கவே முளைக்காது.

இந்த விப்ரியோ லேசுப்பட்ட வம்சம் இல்லை. காலராவை உண்டாக்குவது இதில் ஒரு வகை. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் கழிமுகம்தான் அதன் சொந்த ஊர். ஓ139 என்ற புதுவகைக் காலரா 1992-இல் முதன்முதலில் தலைகாட்டியது நம் சென்னையில். 1950-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் பாதி உலர்ந்த குட்டி மத்தியைத் தின்று 272 பேர் படுத்தார்கள், 20 பேர் செத்தார்கள். புஜினோ என்ற விஞ்ஞானி அதிலிருந்து கண்டுபிடித்த விப்ரியோ, கடலளவு உப்பில்தான் நன்றாக வளரும்.

புண்ணைத் தேடி வருவது மூன்றாவது வகை, விப்ரியோ வல்னிபிகஸ். வெதுவெதுப்பான, உப்புக் கொஞ்சம் குறைந்த தண்ணீர் அதற்குப் பிடிக்கும். மழைக்குப் பிறகு ஆறு வந்து சேரும் கரையோரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திறந்த புண் வழியாக உள்ளே போனால் ஓரிரு நாளில் சதையை அழுக வைக்கும். சர்க்கரை நோயும் ஈரல் கோளாறும் உள்ளவர்களைத்தான் அதிகம் சாய்க்கிறது. அபூர்வமாகத்தான் வருகிறது, வந்தால் ஐந்தில் ஒருவர் பிழைப்பதில்லை. வெந்த கையைக் கொண்டுபோய் அதற்குக் காட்டுவானேன்?

உப்புக்குக் கிருமியை அடக்கும் சக்தியே இல்லையா? உண்டு. மாங்காய் ஊறுகாயைக் காப்பது அதுதான். உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். நம் வயிற்றுக் கிருமிகள் பலவும் வதங்கிப்போகும். சாக்கடை வழியாகக் கடலுக்குப் போன கிருமிகள்கூட நாளாவட்டத்தில் குறைவதுண்டு; ஆனால் அதில் வெயிலுக்கும், அவற்றைத் தின்னும் சிறு உயிர்களுக்கும் பெரிய பங்கு. உப்பு எல்லாவற்றையும் கொல்லுவதில்லை. எது வாழலாம் என்று பொறுக்கி எடுக்கிறது, அவ்வளவுதான். புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டபிலோகாக்கஸ், கடலைப்போல் மூன்று மடங்கு உப்பிலும் தாங்கும்.

இந்தப் பொறுக்கலைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போங்கள். உப்பின் அடர்த்தியை அளக்கும் கணக்கில் கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக வற்றி 25 டிகிரி எட்டும்போது உப்பு பூக்கும். அந்தக் கடைசிப் பாத்திகளில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு. அங்கேதான் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. "கெமிக்கல் கம்பெனிக்காரன் சாயத்தைத் திறந்துவிட்டான்" என்பார்கள். அந்த நிறம் உயிரின் நிறம். டுனாலியெல்லா என்ற பாசி, கேரட்டில் உள்ள அதே நிறமியைத் தனக்குள் சேர்த்து வெயிலைச் சமாளிக்கிறது. கிளிசராலை நிரப்பிக்கொண்டு தண்ணீர் வெளியேறாமல் காத்துக்கொள்கிறது. ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் பொட்டாசியம் உப்பை உள்ளே அடைத்துக்கொண்டு வெளி உப்புக்கு ஈடுகொடுக்கிறது. அதை எடுத்து நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் செத்துப்போகும். உயிரே இல்லை என்று பெயர் எடுத்த சாக்கடலிலும் நுண்ணுயிர்கள் இருப்பதை 1936-இலேயே காட்டிவிட்டார்கள்.

கருவாட்டில் படியும் சிவப்பும் இதே கூட்டம்தான். யாரும் சாயம் பூசவில்லை. உப்போடு வந்த உயிர், ஈரம் கண்டு பெருகியிருக்கிறது. அது நமக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை, ஆனால் மீனைக் கெடுக்கும். வாங்காதீர்கள். இந்துப்பின் இளஞ்சிவப்பு வேறு, அது இரும்புத்தாது. உப்பைப் பற்றிய இன்னொரு பேச்சு, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் கொரோனா சாகும் என்பது; அதுவும் பொய். தொண்டை வலிக்கு இதம், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

புண்ணுக்கு உப்புத் தண்ணீர் மருந்தென்றால், தமிழ்நாட்டிலேயே நல்ல பாதம் உப்பளத் தொழிலாளிக்குத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெடிப்பில் உப்பேறி, ஆறாத புண்ணாக இருக்கும். வெள்ளை உப்பில் பட்டு எதிரடிக்கும் வெயிலில் கண்ணும் கெடுகிறது. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் அந்த மக்களின் பாட்டை எழுதி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, நிழலில் ஒரு குடம் குடிதண்ணீர். இதை ஒவ்வோர் அளத்திலும் கட்டாயமாக்க இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்? நாம் தின்னும் சேவில் கரிப்பது அவர்கள் வாரிய உப்பு.

திருச்செந்தூர் போங்கள், முருகனைக் கும்பிடுங்கள். புண் இருந்தால் அது முழுக்க மூடும்வரை கடலில் இறங்க வேண்டாம். தரிசனம் அதனால் குறைந்துவிடாது. ஆலையிலோ வீட்டிலோ தீ பட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் தடவாமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஏற்கெனவே கடலில் நனைத்துவிட்டவர்கள், புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கருநீலக் கொப்புளம் கிளம்பினாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "புண்ணில் கடல் தண்ணீர் பட்டது."